விதியின் மீது பழி போடாதீர்கள்!



நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் தெருவில் ஒரு வீட்டிற்கு வெள்ளைவெளேரென்ற பெர்சியன் பூனைக்குட்டி ஒன்று வந்தது. பிள்ளைகள் அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஆறாம் நாள் அது உணவை மறுத்தது. ஏழாம் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. எட்டாம் நாள் கொல்லையில், முருங்கை மரத்தடியில் அதற்குக் குழி தோண்டினார்கள். தேம்பி அழுத மகளிடம் தந்தை சொன்னார்: “அதற்கு அல்லாஹ் நாடிய ஆயுள் அவ்வளவுதான்.”

ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் குட்டியை வாங்கும்போது அந்தத் தந்தை கேட்டவை இரண்டே கேள்விகள்: என்ன விலை? வெள்ளை நிறம் இருக்கிறதா? வயதைக் கேட்கவில்லை, தாயைப் பார்க்கவில்லை, தடுப்பூசி அட்டையைக் கேட்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டாமல் விட்டுவிட்டு, அது ஓடிய பின் விதியைப் பேசுவது தவக்குல் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

இளங்குட்டிகளை இவ்வாறு கொண்டுபோகும் நோய்களில் முதன்மையானது பான்லூக்கோபீனியா எனும் வைரஸ் நோய். கிருமி உடலில் புகுந்து 2 முதல் 10 நாட்களுக்குப் பின்னரே அறிகுறி தெரியும். எனவே கடையில் துள்ளி விளையாடும் குட்டியும் நோயைச் சுமந்திருக்கலாம். இதற்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போட வேண்டும். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் தேய்ந்துவரும் வாரங்களில், ஊசியும் போடாமல், பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்பவர் நோயையும் சேர்த்தே விற்கிறார். அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டு வரைகூட உயிர்ப்புடன் இருக்கும். பிள்ளை அழுகிறதே என்று மறுவாரமே வேறொரு குட்டியை வாங்கி வருவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

குட்டி குறைந்தது 8 வாரம் தாயுடன் இருக்க வேண்டும். 12 வாரம் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சின்னஞ்சிறியதாக இருந்தால்தான் அழகு என்று 5 வாரக் குட்டியைக் கேட்பவர்கள் நாம்தானே? ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிவிடுமாறு கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). இதை மேடையில் கேட்டுக் கண்கலங்கும் நாம், சந்தையில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே விற்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: “தாயைக் காட்டுங்கள்.” தாய் இருக்கும் இடமும் அதன் உடல்நிலையும் எந்தச் சான்றிதழையும்விடத் தெளிவாகப் பேசும். படத்தை அனுப்பி, பணத்தைப் பெற்று, பேருந்து நிலையத்தில் கூடையை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். கடையென்றால், 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பிறகு குட்டியைக் கையிலெடுத்துப் பாருங்கள். கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருக்கக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு இருந்தால் அது உண்ணித் தொல்லையாக இருக்கலாம். ஈறு வெளிறாமல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மெலிந்த உடலில் வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழுவை ஐயுறுங்கள். வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கும் தொற்றும். வாலின் அடிப்பகுதி சுத்தமாக இருக்க வேண்டும். பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் உண்டு. பெற்றோர்ப் பூனைகளுக்கு மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். முகம் தட்டையாகத் தட்டையாக மூச்சுத்திணறலும் கண்ணீர் வடிதலும் கூடும். நம் கண்ணுக்கு அழகு, அதற்கோ வேதனை.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வணிகரைக் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). ஈரத் தானியத்திற்கே இவ்வளவு என்றால், நோயுற்ற உயிரை மறைத்து விற்பதற்கு? மறைந்திருந்த குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்கின்றன. தெரிந்தே மறைத்த குறைக்கு, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை திரையாகாது.

“பூனையை விற்பதே கூடுமா?” என்று சிலர் கேட்கலாம். பூனையின் விலையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. அதைக் கொண்டு விற்பனையைத் தடுத்த அறிஞர்கள் உண்டு. பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று, மக்கள் பூனையை அன்பளிப்பாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதற்கான தடை அது என்பதாகும். இந்தக் கருத்து நமக்கு ஒரு வழியைத் திறக்கிறது. தெருவில் பிறந்த குட்டி ஒன்றை உரிய வயதில் எடுத்து, ஊசி போட்டு வளர்க்கலாமே! விலையுமில்லை, ஏமாற்றமுமில்லை. ‘நாட்டுப் பூனையா?’ என்று முகம் சுளிப்பவர் தேடுவது பூனையை அன்று, பெருமையை.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்தாள் என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் குழி தோண்டும்போது அவர்கள் நம்மிடம் கற்பது என்ன? அடுத்த முறை அந்தச் சிறுமி “வாப்பா, இதன் தாய் எங்கே?” என்று கேட்டால், பதில் சொல்லத் தெரிந்தவர்களாக நாம் இருப்போம்.

வாயில்லா உயிர்களின் அமானிதத்தைப் பேணுவோராக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.