டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தா முடிஞ்சுதா?

2023 செப்டம்பர் 10. சென்னை ஈசிஆர், பனையூர். ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில் தங்கள் மீது கை வைத்தார்கள் என்று பெண்கள் எழுதினார்களே, அது ஞாபகம் இருக்கா?

டிராஃபிக், பார்க்கிங் எல்லாம் நாள் கணக்கில் பேசினோம். உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். சரிதான். ஆனால் கை வைத்தவனைப் பற்றிய பேச்சு அப்படியே அமுங்கிப் போச்சு.

"உடனே 112-க்கு போன் பண்ண வேண்டியதுதானே?" என்று கமெண்ட் போடுறவங்களுக்கு, இன்ஜினியரிங் படிச்சவனா ஒரு பதில். ஒரே மைதானத்தில் அத்தனை பேரும் வீடியோ அனுப்பினால் செல்போன் டவர் திணறும், கால் போகாது. ஸ்பீக்கர் சத்தத்தில் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. லைட்டும் மேடை மேலதான். தப்பு பண்றவனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்.

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் பசங்க கை கோத்து வளையம் போட்டு நிற்போம், கூட வந்த பொண்ணுங்க நடுவில் நின்று பாட்டு கேட்பாங்க. அப்போ அதைப் பெருமையா நினைச்சேன். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. காசு கொடுத்து வந்தவளுக்கு எதுக்கு காவல் வளையம்?

சுவீடனில் பிரோவல்லா இசை விழாவில் 2017-இல் 4 பாலியல் வன்கொடுமை, 23 பாலியல் அத்துமீறல் புகார்கள் வந்தன. 2018 விழாவையே ரத்து செய்தார்கள் ஏற்பாட்டாளர்கள். விழாவை நிறுத்துங்கன்னு நாங்க கேட்கலை. பொறுப்பு யாருடையது என்று அவர்களுக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. ஈவ் டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு 1998-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம், இடத்தின் பொறுப்பாளருக்கும் தடுக்கும் கடமை உண்டு என்கிறது. அதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள்: தடுப்புக்கு உள்ளே பெண் காவலர்கள், கூட்டத்தின் நடுவிலும் வெளிச்சம், மேடை பக்கத்தில் உதவி மையம், புகார் வந்தால் பாட்டை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருத்தர்.

"உங்க கட்சி மாநாட்டில் மட்டும் என்ன வாழுது?" என்று கேட்கத் தோணுதா? கேளுங்க. அங்கேயும் இதே நிபந்தனைதான் வேணும்.