உயரம் கூட்டும் ரண சிகிச்சை: பலனும் அபாயமும்

எலும்பு உயிரற்ற கட்டை அன்று. முறிந்தால் தானே கூடிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. முறிந்த இரு முனைகளுக்கிடையே முதலில் மென்மையான திசு உண்டாகிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, நாளடைவில் கெட்டியான எலும்பாகிறது. இவ்வாறு கூடிவரும் முனைகளை மிக மெதுவாக விலக்கிக்கொண்டே வந்தால், அந்த இடைவெளியிலும் புதிய எலும்பு வளர்கிறது. கால் எலும்பை நீட்டும் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையையே ஆதாரமாகக் கொண்டது. ஊனமுற்றோரின் துயரைப் போக்குவதற்காகத் தோன்றிய இச்சிகிச்சை, இன்று ஊனம் ஏதுமற்றவர்கள் சில சென்டிமீட்டர் உயரம் கூட்டிக்கொள்வதற்கும் கையாளப்படுகிறது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இது நடைபெற்று வருகிறது. ஆகவே இதன் பலனையும் அபாயத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

இத்தாலி நாட்டுப் போலோஞா நகரத்தைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ கோடிவில்லா, தொடை எலும்பை வெட்டி, குதிகால் எலும்பில் பாய்ச்சிய ஊசியின் வழியே இழுத்து நீட்டும் முறையை 1905-இல் வெளியிட்டார். விரைந்து இழுக்கும் அந்நாளைய முறைகளில் தோலும் நரம்பும் கெட்டன, பலனும் நிச்சயமில்லாதிருந்தது. 1951-இல் சைபீரியாவின் கூர்கன் பிரதேசத்தில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர், காலைச் சுற்றி அமையும் உலோக வளையங்களும் எலும்பை ஊடுருவும் மெல்லிய கம்பிகளும் கொண்ட கருவியை உருவாக்கினார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கப் பதக்கம் பெற்ற வலேரி புருமெல், மறு ஆண்டு விபத்தொன்றில் கால் நொறுங்கிப் பல ரண சிகிச்சைகளுக்குப் பின்னும் குணமடையாதிருந்தார். இலிசாரோவின் சிகிச்சைக்குப் பிறகு அவர் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்.

இலிசாரோவின் அனுபவம் காட்டிய அளவு நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரே முறையில் நீட்டாமல், 4 தடவையாகக் கால் கால் மில்லிமீட்டர் நீட்டுவதே சிறந்தது. வேகம் மிகுந்தால் புதிய எலும்பு உண்டாகாது; நரம்பும் தசையும் தாங்கா. வேகம் குறைந்தாலோ எலும்பு முன்னதாகவே கூடி, மேலும் நீட்ட இயலாமற் போகும்.

இன்று வழக்கிலுள்ள முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது வெளிக்கருவி முறை. இதில் செலவு குறைவு. கோணலையும் உடன் திருத்தலாம். ஆனால் மாதக்கணக்கில் கருவியைச் சுமக்க வேண்டும். கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிப்பது சாதாரணம். இரண்டாவது, எலும்பினுள் ஓர் உலோகக் கோலைச் செலுத்தி, அதன்மீது வெளிக்கருவியால் நீட்டும் முறை. கருவியை விரைவில் கழற்றிவிடலாம்; ஆனால் வெளிக் கிருமி உட்கோல் வரை சென்று எலும்பினுள் சீழ் வைத்தால் குணப்படுத்துவது கடினம். மூன்றாவது, முழுவதும் உள்ளேயே அமையும் நீளும் கோல். உடலுக்கு வெளியே வைக்கும் காந்தக் கருவியால் இதை நீட்டுகின்றனர். இத்தகைய காந்தக் கோலுக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. வலியும் தழும்பும் குறைவு. செலவோ மிக அதிகம். புதுமை ஒன்றே பாதுகாப்பு ஆகாது. அதிக எடை தாங்குவதற்கென எஃகினால் செய்யப்பட்ட ஒரு வகைக் கோல், அரிப்பும் சுற்றியுள்ள எலும்பில் மாறுதலும் காணப்பட்டதால், 2021-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

எம்முறையைக் கையாண்டாலும் சில அபாயங்கள் மாறுவதில்லை. எலும்பு வளர்வதைப் போல் தசையும் நரம்பும் எளிதில் நீள்வதில்லை. முழங்காலுக்குக் கீழே நீட்டும்போது குதிகால் நரம்பு இறுகி, பாதம் ஊன்றாமல் நுனிக்காலில் நிற்க நேரிடலாம். தொடையில் நீட்டினால் முழங்கால் மடங்காமற் போகலாம். எலும்பு கூடத் தாமதிக்கலாம், கோணலாகக் கூடலாம். இரத்தக் கட்டியோ கொழுப்புத் துணுக்கோ நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்து விளைவதும் உண்டு. எலும்பின் இயல்பான நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்க நெருங்க இவ்வபாயங்கள் பெருகுகின்றன.

காலத்தையும் கணக்கிட வேண்டும். 6 சென்டிமீட்டர் உயர விரும்புபவருக்கு நீட்டுவதற்கு மட்டும் 60 நாட்கள் செல்லும். வெளிக்கருவி முறையில் புதிய எலும்பு உறுதிப்பட, நீட்டிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மாதமோ அதற்கு மேலோ கணக்கிட வேண்டும். அதாவது இரு கால்களும் ஏறத்தாழ அரையாண்டு பிறர் உதவியை நாடியிருக்கும். நாள்தோறும் தேகப்பயிற்சி நிபுணரின் உதவியும் வேண்டும்.

ஒரு கால் குட்டையானவரின் நிலையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியா 2014 மார்ச் 27-இல் இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன் அந்நோயால் கால் சூம்பியவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். விபத்தில் எலும்பு இழந்தவர்களும், பிறவியிலேயே கால் குறுகியவர்களும் உள்ளனர். நொண்டி நடப்பதால் அவர்களுடைய இடுப்பும் முதுகும் நாள்தோறும் வருந்துகின்றன. தகுந்தவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சை அத்துன்பத்தை நீக்குகிறது. அபாயத்தை ஏற்பதற்கு அங்கே காரணம் உண்டு. நல்ல கால்களை உடையவருக்கோ சிகிச்சை முழுவெற்றி பெற்றாலும் நடை முன்னிலும் மேம்படுவதில்லை. தவறினால் இயற்கை அளித்த நடையே கெடுகிறது. ஒரே ரண சிகிச்சைதான். தராசு மட்டும் வேறு.

குட்டையானவர்களின் மனத்துயரமும் உண்மையானதே என்று கூறப்படுவதை அலட்சியம் செய்யலாகாது. திருமண விளம்பரங்கள் உயரத்தைக் கேட்கின்றன. மத்திய ஆயுதக் காவற்படைகளின் காவலர் பதவிக்குப் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் இத்துயரத்தின் காரணம் காலில் இல்லை. பிறருடைய மதிப்பீட்டில் உள்ளது. அதைத் திருத்த எலும்பை வெட்டுவது கடைசி வழியாக இருக்கலாமேயன்றி, முதல் வழியாக இருத்தல் கூடாது.

உயரம் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விற்பது பழைய வியாபாரம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயப் பரிகாரங்கள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் மனிதரின் உயரமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அன்று ஏமாற்றியது பலனற்ற மருந்து; இன்றைய சிகிச்சையோ உண்மையாகவே பலனளிப்பது. ஆகவே அதன் அபாயத்தை மறைத்து வெற்றியை மட்டும் காட்டும் விளம்பரம் இன்னும் கவனத்துக்குரியது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், பெரும் அபாயங்கள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பின்னரே அவருடைய சம்மதம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நோயே இல்லாதவரிடம் இவ்விதி இன்னும் கடுமையாகப் பின்பற்றப்பட வேண்டும்.

சீன அரசாங்கம் 2006-இல், அழகுக்காக இச்சிகிச்சை செய்வதைத் தடை செய்தது. தடை மட்டும் போதாது. விரும்புவோர் வேறு நாட்டையோ மறைவிடத்தையோ நாடுவர். அதைவிடப் பயன் தரக்கூடிய நிபந்தனைகள் நான்கு. முதலாவது, இதில் தேர்ந்த நிபுணர்களும் தேகப்பயிற்சி வசதியும் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே இது நடைபெற வேண்டும். இரண்டாவது, மனநல மருத்துவரின் ஆலோசனைக்கும் சில மாத அவகாசத்துக்கும் பின்னரே நாள் குறிக்க வேண்டும். மூன்றாவது, சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் நிலையும், தோல்வி உட்பட, ஒரு தேசியப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். நான்காவது, பொதுப்பணத்தில் இயங்கும் மருத்துவமனைகளில் இவ்வசதி ஊனமுற்றோருக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

ஒரு தலைமுறையின் உயரத்தைக் கூட்டுவதற்கு விஞ்ஞானம் அறிந்த வழி வேறு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போதிய உணவு, தூய குடிநீர், நோய்த் தடுப்பு ஆகியவையே அவ்வழி. அதில் வெட்டும் இல்லை, வேதனையும் இல்லை. எலும்பை நீட்டும் கலையோ, நடக்க இயலாதவரை நடக்கச் செய்வதற்காகவே முதன்மையாகப் பயன்பட வேண்டும்.