நட்சத்திரப் பேட்டியில் ஒரு நாட்டின் கதை

பிலிப்பின்ஸ் அதிபர் பெர்டினான்ட் மார்கோஸ் ஜூனியர் 2025 ஆகஸ்ட் மாதம் புது தில்லிக்கு வந்தபோது, தலைநகரில் பேசப்பட்டவை பெரும்பாலும் பிரம்மோஸ் ஏவுகணையும் தென் சீனக் கடலும்தான். 2022-ல் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஏவுகணையை வாங்கிய முதல் வெளிநாடு என்பதால் பிலிப்பின்ஸ் மீது தில்லிக்குத் தனிக் கரிசனம் உண்டு. விருந்தினர் யாருடைய மகன் என்பதை எவரும் நினைவுபடுத்தவில்லை. ராஜதந்திரத்தில் அதுதான் முறை. ஆனால், 1986-ல் வீதிக்கு வந்து ஒரு சர்வாதிகாரியை விரட்டிய மக்கள், 36 ஆண்டுகள் கழித்து அவருடைய மகனுக்கே 3 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளை அளித்தது எப்படி என்ற கேள்வி அப்படி ஒதுக்கத்தக்கதன்று.

இதற்கு விடை தேடுவோர் பொதுவாகத் தேர்தல் கணக்குகளையும் குடும்ப அரசியலையும் புரட்டுகிறார்கள். அவற்றில் பாதி விடை உண்டு. மீதிப் பாதி, மணிலாவின் வார இதழ் ஒன்றில் சினிமா நட்சத்திரங்களைப் பற்றியும் கொலை வழக்குகளைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த நிக் ஹுவாகினிடம் கிடைக்கிறது. ஏவுகணை வாங்கும் நாடு, உலகெங்கும் செவிலியரை அனுப்பும் நாடு, இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கப் போகும் நாடு என்ற அளவிலேயே பிலிப்பின்ஸை அறிந்த இந்திய வாசகருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம்.

1917-ல் மணிலாவில் பிறந்த ஹுவாகின், உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. 1950-ல் 'பிலிப்பின்ஸ் ஃப்ரீ பிரஸ்' வார இதழில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் எழுதிய பிலிப்பினோ எழுத்தாளர்களில் தலையாயவர் என்று அவர் போற்றப்படுவது சிறுகதைகளுக்காகவும் நாடகத்துக்காகவும். அதே கை, 'கிஹானோ தெ மணிலா' என்ற புனைபெயரில் வாராவாரம் நடப்புச் செய்திகளையும் எழுதித் தள்ளியது. ஹுவாகின் என்ற பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் கிஹானோ வரும். தான் கிஹோத்தே என்ற கதைநாயகனின் இயற்பெயரும் அதுதான். இலக்கியம் மேல்தட்டு, பத்திரிகை கீழ்த்தட்டு என்ற பாகுபாடு அவரிடம் இருந்ததில்லை. ஒரு மாநகரத் தகராறையும் ஒரு நடிகையின் வரவேற்பறையையும், சிறுகதைக்குச் செலவிடும் அதே கவனத்துடன் அவர் எழுதினார்.

1977-ல் அந்தக் கட்டுரைகள் வரிசையாக நூல்களாயின. அவற்றின் தலைப்புகளில் இடம்பெற்ற பெயர்களே அவருடைய போக்கைச் சொல்லிவிடும்: நடிகையர் நோரா அவுனோர், அமாலியா ஃபுவெந்தெஸ், 1969-ல் பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்ற குளோரியா தியாஸ், அதிரடி நாயகர்களான ரோனி போ, ஜோசப் எஸ்ட்ராடா. ஒரு நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர் தம் நூல்களுக்கு நட்சத்திரங்களின் பெயரை இடுவது எளிய செய்தியன்று.

நோரா அவுனோரையே எடுத்துக்கொள்ளலாம். பிக்கோல் பகுதியில் ரயில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்ற ஏழைச் சிறுமி அவர், குள்ளமானவர், மாநிறத்தவர். ஸ்பானியக் கலப்பும் வெள்ளைத் தோலும் இருந்தால்தான் கதாநாயகி என்றிருந்த திரையுலகில், 1967-ல் பாட்டுப் போட்டி ஒன்றில் வென்று நுழைந்து, சில ஆண்டுகளில் உச்சத்துக்குப் போனார். வீட்டு வேலை செய்யும் பெண்களின் பைத்தியம் என்று அவருடைய ரசிகைகளைப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அந்தப் 'பைத்தியத்துக்குள்' ஒரு நாட்டின் நிறப் பெருமையும் வர்க்கக் கசப்பும் இருப்பதைக் கண்டுகொள்ள, சினிமாவை இழிவாகக் கருதாத கண் தேவைப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த கலை விருதான தேசியக் கலைஞர் பட்டத்தை அரசு நோராவுக்கு வழங்க 2022 வரை ஆயிற்று. 2025 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

குற்றச் செய்திகளிலும் இதே பார்வைதான். 1961 ஜனவரியில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தம் மகளையும் மருமகனையும் சுட்டுக் கொன்று, தாமும் சுட்டுக்கொண்டார். மற்ற ஏடுகள் ரத்தத்தை எழுதின. 'சப்போத்தே தெருவில் ஒரு வீடு' என்று ஹுவாகின் எழுதியதோ, திருமணமான மகளைக் கணவனுடன் போகவிடாமல் தன் கூரைக்குள்ளேயே வைத்துக்கொள்ள முயன்ற ஒரு தந்தையின் அதிகாரத்தைப் பற்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1981-ல், இயக்குநர் மைக் தெ லியோன் அதை 'கிசப்மதா' என்ற படமாக்கினார். அதற்குள் நாடே ஒரு தந்தையின் கூரைக்குள் ஒன்பது ஆண்டுகளாக அடைபட்டிருந்தது. அந்த வீட்டுத் தந்தையிடம் ரசிகர்கள் யாரைக் கண்டார்கள் என்பதைத் தணிக்கையாளருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கட்டுரை, மேட்டுக்குடியினரோடு ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்ட இளைஞன் ஒருவனைப் பற்றியது. அதைத் தழுவி லீனோ புரோக்கா 1979-ல் எடுத்த 'ஜாகுவார்', கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற முதல் பிலிப்பின்ஸ் படமாயிற்று. தலைப்பு காட்டு விலங்கைக் குறிப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மணிலாத் தெருவின் குறும்பு: காவலாளியைக் குறிக்கும் 'குவார்ஜா' என்ற சொல்லின் அசைகளைத் திருப்பிப் போட்டால் வருவது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்காகக் கொலை வரை போகும் காவலாளியின் கதை அது. திரைக்கதை எழுதிய ஹோசே லகாபா, ரிக்கி லீ இருவருமே ராணுவச் சட்டக் காலத்தில் சிறையிருந்தவர்கள்.

லகாபாவின் கதையைத் தனியே சொல்லவேண்டும். 1970-ன் மாணவர் கிளர்ச்சியை ஃப்ரீ பிரஸ் இதழில் எழுதிப் பெயர் பெற்றவர் அவர். 1972-ல் மார்கோஸ் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துப் பத்திரிகைகளை மூடினார். அடுத்த ஆண்டு, அரசுக்கு இணக்கமான ஒரு வார இதழில் புனைபெயரில் ஒரு கவிதை வெளியாயிற்று. கிரேக்க புராணம் பேசும் சாதுவான கவிதை. வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தவர்களுக்கு மட்டும், ஊர்வலங்களில் மார்கோஸுக்கு எதிராக ஒலித்த முழக்கம் கிடைத்தது! எழுதியவர் லகாபா. 1974-ல் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளானார்.

1976-ல் மார்கோஸ் அரசு ஹுவாகினுக்குத் தேசியக் கலைஞர் விருதை அறிவித்தது. மறுத்தால் வீரம் என்று பேர் வரும். வாங்கினால் வசதி வரும். ஹுவாகின் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். லகாபாவை விடுவித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். லகாபா விடுதலையானார். சர்வாதிகாரியின் கையால் விருது பெற்றது சரிதானா என்று கேட்போர் உண்டு. மேடைப் புனிதத்தைவிட ஒரு மனிதனின் விடுதலை பெரிது என்பதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மூன்றே ஆண்டுகளில் ஹுவாகினின் செய்திக் கட்டுரையே லகாபாவின் திரைக்கதைக்கு வித்தானது.

ஹுவாகின் சொன்னதெல்லாம் ஏற்கத்தக்கது என்பதில்லை. 1966-ல் அவர் எழுதிய 'சிறுமையின் மரபு' என்ற கட்டுரை இன்றளவும் அந்நாட்டில் சர்ச்சைக்குரியது. ஒற்றை சிகரெட், பாதிப் பூண்டு என்று 'திங்கி' முறையில் சில்லறையாக வாங்கிப் பழகிய மக்கள், சிந்தனையிலும் செயலிலும் சிறிதாகவே நின்றுவிட்டார்கள் என்பது அதன் வாதம். எழுத்தழகு மறுக்க முடியாதது, வாதம் கோணலானது. அன்றாடக் கூலி பெறுபவர் அன்றாடத் தேவைக்கு வாங்குவது பையில் உள்ள காசைப் பொறுத்தது; இதில் மனத்தின் அளவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஏழையின் ரசனையை இகழாத எழுத்தாளர், ஏழையின் கொள்முதலை இகழ்ந்தது விந்தைதான்.

அவர் நூல் தலைப்பாக்கிய நடிகர்களிடம் திரும்புவோம். சென்னைக் கோட்டையில் எம்.ஜி.ஆர். முதல்வராக அமர்ந்த அதே 1977-ல், ஜோசப் எஸ்ட்ராடா மணிலாவை ஒட்டிய சான் ஹுவான் என்ற சிறு நகரின் மேயர்தான். 1998-ல் ஏறத்தாழ 40 சதவீத வாக்குகளுடன் நாட்டின் அதிபரானார். திரையில் ஏழைக்காகச் சண்டையிட்டவர், ஆட்சியில் ஊழல் குற்றச்சாட்டில் சிக்கினார். செனட் சபையில் நடந்த விசாரணையை நாடே தொலைக்காட்சித் தொடர்போல் பார்த்தது. 2001 ஜனவரி 16 அன்று, முக்கிய ஆதாரம் அடங்கிய உறையைப் பிரிக்கவேண்டாம் என்று 11-க்கு 10 என்ற கணக்கில் முடிவானதும், கைப்பேசிக் குறுஞ்செய்திகள் பறந்தன. எட்சா சாலையில் கூட்டம் திரண்டது. நான்கே நாளில் எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேறினார்.

இது வரை எல்லோரும் சொல்லும் கதை. பலரும் சொல்ல விரும்பாதது அடுத்த பகுதி. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் எஸ்ட்ராடா கைதானபோது, அதே எட்சா சாலைக்குச் சேரிவாசிகள் பெருந்திரளாக வந்தார்கள். மே முதல் நாள் அதிபர் மாளிகையை நோக்கிச் சென்று மோதினார்கள். ஜனவரிக் கூட்டத்தை மக்கள் சக்தி என்று வாழ்த்திய நடுத்தர வர்க்கம், மே மாதக் கூட்டத்தைக் குளிக்காத கும்பல் என்றது. நோராவின் ரசிகைகளைக் கேலி செய்த அதே குரல்தான் அது. 2004-ல் ரோனி போ, ஃபெர்னாண்டோ போ ஜூனியர் என்ற தம் திரைப்பெயருடன் அதிபர் தேர்தலில் நின்று, குளோரியா அரோயோவிடம் சுமார் 11 லட்சம் வாக்குகளில் தோற்றார். வாக்கெடுப்புக்கு 11 நாள் முன்பு, ஏப்ரல் 29 அன்று, ஹுவாகின் காலமாகியிருந்தார். வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது தேர்தல் ஆணையருடன் அரோயோ பேசியதாகக் கூறப்பட்ட ஒலிப்பதிவு 2005-ல் வெளியானது. முறைகேட்டை அவர் மறுத்தார். அதன் 'ஹலோ' நாடெங்கும் கைப்பேசி மணியோசையாக ஒலித்தது. நாட்டின் பெரும் அரசியல் நெருக்கடியை மக்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அதை எழுத கிஹானோ இல்லை.

மார்கோஸ் குடும்பம் திரும்பிய வழி இங்கேதான் திறந்தது. 1986-க்குப் பிந்தைய ஆட்சிகள் சுதந்திரம் தந்தன. சேரிகளில் சோறு பெருகவில்லை. அந்தக் கசப்பைப் படித்தவர்கள் கேட்க மறுத்தபோது, யூடியூபும் டிக்டாக்கும் கேட்டன. மார்கோஸ் காலம் பொற்காலம் என்று திருப்பிச் சொல்லின. பதில் சொல்லவேண்டிய ஊடகங்கள் அடிபட்டிருந்தன. 2009-ல் மகுயிந்தனாவோ படுகொலையில் இறந்த 58 பேரில் 32 பேர் செய்தித் துறையினர். 2020-ல் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற வாக்கில் மறுத்தது. அதே ஆண்டு அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்ட மரியா ரெஸாவுக்கு அடுத்த ஆண்டே நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. உலகம் பாராட்டியது, உள்ளூர் வாக்கு மாறவில்லை. 2022-ல் மகன் அதிபரான சில வாரங்களில், அதிபரின் சகோதரி இமீ மார்கோஸின் பங்களிப்புடன், 1986-ல் மாளிகையில் குடும்பம் கழித்த கடைசி மூன்று நாள்களைப் பற்றிய படம் திரைக்கு வந்தது. அதில் கொராசோன் அக்கினோ, கன்னியாஸ்திரீகளோடு மாஜாங் சூதாடுகிறார். அவருக்கு அந்நாள்களில் அடைக்கலம் தந்த செபு நகர மடத்தின் கன்னியாஸ்திரீகள், தாங்கள் அப்போது நோன்பிருந்து ஜெபித்துக்கொண்டிருந்ததாக அறிக்கை விட்டார்கள். அறிக்கையைப் படித்தவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்களே அதிகம்.

2025 செப்டம்பர் 21, ராணுவச் சட்டத்தின் ஆண்டு நினைவு நாள். வெள்ளத் தடுப்புப் பணிகளில் நடந்த கொள்ளையைக் கண்டித்து மணிலாவில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அரசியல்வாதிகளும் ஒப்பந்ததாரர்களும் பெற்ற பிள்ளைகள் தாங்களே வலைதளங்களில் போட்ட கைப்பைகளும் கார்களும் பொதுமக்கள் கையில் ஆதாரமாயின. இளைஞர் பலர் பிடித்திருந்தது கட்சிக் கொடியன்று. வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோடு, 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் கடற்கொள்ளையர் கொடி. சிறுபிள்ளைத்தனம் என்று மணிலாவில் சிலருக்கு அது பட்டிருக்கலாம். அந்தக் கொடியைப் பிடித்த மாணவரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அவர் அதில் எதைக் காண்கிறார், அவருடைய பெற்றோர் 2022-ல் யாருக்கு வாக்களித்தார்கள், ஏன் என்று பொறுமையாகக் கேட்டு எழுதும் செய்தியாளருக்கு இன்று எந்த ஆசிரியர் பத்துப் பக்கம் ஒதுக்குவார்?