அரிசிப் பைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் வரி



சென்ற மாதம், பல வருடமாக என்னிடம் பருப்பு வாங்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, பாக்கியைக் கொஞ்சம் பொறுத்துக்கணும். வீட்ல ஆபரேஷன். கடை முதல்லயே கை வச்சுட்டேன்" என்றார். சரி என்றேன். முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் கடை எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நம் நிலை ரெண்டுங்கெட்டான் நிலை. என் கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதற்கு என் பங்கையும் மகிழ்ச்சியோடு கட்டுகிறேன். எனக்கு அது கிடையாது. மத்திய பா.ஜ.க. அரசு 2018-ல் கொண்டு வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் அது 2011 கணக்கெடுப்பை வைத்து ஏழைக் குடும்பங்களுக்கு என்று வகுத்தது. 2024 அக்டோபரில் 70 வயதான எல்லோரையும் சேர்த்தார்கள். பாராட்டுகிறேன். எனக்கு வயது 66. மாரடைப்பு இன்னும் நான்கு வருடம் காத்திருக்குமா?

சரி, நாமே இன்சூரன்ஸ் எடுப்போம் என்றால், 2017 ஜூலையிலிருந்து பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். 40,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரி மட்டும் 7,200 ரூபாய். சரக்குக்குக் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறோம். இதைக் கழிக்க வழியில்லை. 2022 ஜூலை 18-ல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசி, பருப்புக்கு 5 சதவீத வரி வந்ததை நாம் மறக்கவில்லை. அதே நாளில்தான், நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி அறை வாடகைக்கும் 5 சதவீதம் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவை மட்டும் விட்டார்கள்.

பிரீமிய வரியை நீக்கச் சொல்லி 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் 2025 செப்டம்பர் 22-ல்தான் நீக்கினார்கள். அதுவும் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு மட்டுமே. சங்கம் மூலம் சேர்ந்து எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு அந்த விலக்கைத் தரவில்லை. தனி பாலிசி கட்டுப்படியாகாத சிறு கடைக்காரருக்கு அதுதானே கதி?

'ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் இருக்கின்றனவே' என்பார்கள். உண்மைதான், அவற்றுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அங்கே எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு மத்திய அரசின் கையில். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள். அரசே வெளியிட்ட கணக்குப்படி, 2021-22-ல் மத்திய, மாநிலச் செலவு எல்லாம் சேர்த்து 1.84 சதவீதம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கைக்காசு. முன்பைவிடக் குறைவு என்கிறார்கள். குறைவுதான். ஆனால் அந்தக் கைக்காசு நம் கல்லாவிலிருந்துதான் போகிறது.

நாம் இலவசம் கேட்கவில்லை. சங்கக் குழுக் காப்பீட்டுக்கும் வரிவிலக்கு வேண்டும். இ.எஸ்.ஐ. போல, சந்தா கட்டிச் சேரும் ஒரு மருத்துவத் திட்டம் சிறு வணிகருக்கும் வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தத்தம் எம்.பி.யிடம் நேரில் கொடுக்க வேண்டும். வரி வசூலித்துக் கொடுக்க நாம் வேண்டும். நோயில் விழுந்தால் மட்டும் நாம் யாரோவா?