கீரை பச்சைப்பசேல்னு இருந்தா போதுமா?

மண்வள அட்டை வாங்கியவர்களுக்குத் தெரியும். தழை, மணி, சாம்பல் சத்தில் ஆரம்பித்து துத்தநாகம், போரான், கார அமிலத் தன்மை வரை மொத்தம் 12 விவரங்கள் அதில் இருக்கும். 2015-ல் வந்த நல்ல திட்டம். ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம் ஆகிய மூன்றும் அந்த 12-ல் கிடையாது. நம் மண்ணில் அவை இருக்கின்றனவா என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

'காரைக்குடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? திண்டுக்கல் ஒன்றும் எட்டாத தூரம் இல்லையே. தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் மொத்தம் 467 கிணறுகள். அதில் கெட்டுப்போனவை 350. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்.

குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். குரோமியம்-6 தண்ணீரில் கரையும். செடியின் வேர் அதைக் கந்தகச் சத்து என்று ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். (குழாயில் பளபளக்கும் குரோம் பூச்சும் இந்தக் குடும்பம்தான். அந்த மாதிரி முலாம் பூசும் வேலையெல்லாம் நம்மூர் சிக்ரிக்கு அத்துப்படி.)

பாக்டீரியா உதவுவது இங்கேதான். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, 6-ஐ 3 ஆக மாற்றிவிடும். வேறு சில, தங்களைச் சுற்றியுள்ள வழவழப்பான கூழில் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சூரியகாந்தியை வைத்து இதைச் சோதித்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. பாக்டீரியா சேர்த்த செடிகள் நன்றாக வளர்ந்தன, குரோமியத்தையும் குறைவாகவே எடுத்தன.

ஆனால், கனடாவில் 1998-ல் வெளியான ஓர் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிக்கல் கலந்த சூழலில் கனோலா நாற்றுகளுக்கு ஒரு பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். நாற்றுகள் தெம்பாக வளர்ந்தன. உள்ளே இருந்த நிக்கலோ குறையவே இல்லை! செடியின் அவஸ்தையைத்தான் பாக்டீரியா குறைத்திருக்கிறது, விஷத்தை அல்ல. இன்னும் சில பாக்டீரியாக்கள் உலோகத்தைக் கரைத்து, செடி கூடுதலாக உறிஞ்சவே வழி செய்யும். மண்ணைச் சுத்தம் செய்ய வளர்க்கும் செடிக்கு அது வரம். அரைக்கீரைக்கு?

அதனால் டெப்போவில் விற்கும் சூடோமோனாஸ் பாக்கெட்டை இதற்காக நம்பாதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்று கலப்பது பயிர் நோய்களைத் தடுக்க. அதை அது செய்யும். உலோகத்தைத் தடுப்பதற்கென்று தேர்ந்தெடுத்த ரகம் அல்ல அது.

காசே செலவில்லாத பாக்டீரியா வேலை ஒன்று நெல் வயலில் நடக்கிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவின் காட்மியம் அரிசி வழியே உடம்புக்குள் போய், எலும்புகள் நொறுங்கின. நோயின் பெயரே 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது'. 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. இன்று அங்கே காட்மியம் உள்ள நிலங்களில், கதிர் வருவதற்கு முன்னும் பின்னும் சுமார் மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகத்தை மாற்ற, அது காட்மியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. வயல் காய்ந்தால் மறுபடி கரையும். கண்மாய்ப் பாசனக்காரர்களுக்குக் கடைசித் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஆர்சனிக் இருக்கும் நிலத்தில் கதை தலைகீழ். தண்ணீர் நின்றால் அது அதிகமாகக் கரைந்து நெல்லுக்குள் ஏறும்.

எந்த உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் எந்த வைத்தியமும் சரிப்படாது. சாக்கடைத் தண்ணீர் பாயும் கீரைப் பாத்தியோ, பழைய பட்டறை இருந்த இடத்தில் போட்ட தோட்டமோ உங்களுடையது என்றால், மண்ணைக் கொடுக்கும்போது 'கன உலோகம் பார்க்கணும்' என்று தனியாகக் கேளுங்கள். வழக்கமான பரிசோதனையில் அது வராது.