அப்பாவின் கம்ப்யூட்டரில் கை வைக்கலாமா?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரு வழக்கு நடக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர் பர்மிங்ஹாமில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. அவர் மறைந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் வீடியோ இணைப்பை மாற்றி இன்றைய டிவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான் சின்னவன். "அப்பா தொட்ட பொருள், ஒரு கம்பியைக்கூட மாற்றாதே" என்கிறான் பெரியவன். மாமா தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். சால்டரிங் தெரிந்த என் பழைய மாணவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் சின்னவன் கட்சி.

காரணம் இருக்கிறது. 1982-இல் இந்தப் பெட்டி வந்தபோது வீட்டு டிவிதான் அதற்குத் திரை. அன்றைய டிவிகள் பெரும்பாலானவற்றில் ஆன்டெனா துளை தவிர வேறு வழி கிடையாது. ஆகவே உள்ளே மாடுலேட்டர் என்று ஒரு சின்னத் தகர டப்பா வைத்தார்கள். காம்போசிட் வீடியோ என்ற சுமாரான நல்ல படம் உள்ளேயே தயாராகிவிடும். மாடுலேட்டர் அதை 36-ஆம் சேனல் ஒளிபரப்பு மாதிரி மாற்றும். டிவி அதை மறுபடி பழையபடி பிரித்தெடுக்கும். பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தபாலில் கடிதம் போடுகிற கதைதான். அந்த வீண் பயணத்தில்தான் படத்தில் புள்ளிகளும் இரைச்சலும் ஏறுகின்றன.

வேலை சின்னது. தகர டப்பாவின் மூடியைத் திறந்தால், பலகையிலிருந்து அதற்கு இரண்டு கம்பிகள் வருவது தெரியும். ஒன்று 5 வோல்ட், இன்னொன்று வீடியோ. இரண்டையும் கழற்ற வேண்டும். உள்ளே சாக்கெட்டின் நடுமுனையோடு சேர்ந்திருக்கும் ரெசிஸ்டரின் ஒரு காலை விடுவித்துவிட்டு, வீடியோ கம்பியை ஒரு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக அந்த முனையில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். சாக்கெட் பழையதே, டிவியின் மஞ்சள் ஏவி வயர் அப்படியே பொருந்தும். பெட்டியில் ஒரு துளைகூட விழாது. பெரியவனுக்கு மனசு கேட்கவில்லை என்றால் நாளைக்கே திருப்பிப் பற்றவைத்துவிடலாம்.

பெரியவனுக்கு ஒரு வார்த்தை. தொடாமல் வைத்தால் கெடாது என்பது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இதிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் சும்மா கிடந்தாலும் காய்ந்துபோகும்.

சின்னவனே, உனக்கும் உண்டு. படம் தெளியும், ஆனால் நிறக்குழப்பம் போகாது. திரை 768 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம். 6912 பைட்டில் முழுப் படத்தையும் அடக்க அவர்கள் கண்ட வழி அது. அதைத் திருத்த நினைக்காதே, அதுதான் அந்த மெஷினின் முகம். எச்டிஎம்ஐ வைக்கிறேன் என்று பெட்டியை அறுக்கும் யோசனையும் சொன்னாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று: கண்ட அடாப்டரையும் செருகிவிடாதே. இதற்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நேர் எதிர்; மாற்றிச் செருகினால் வழக்கே முடிந்துவிடும்.

தங்கச்சி, மாப்பிள்ளை கைப்பட எழுதிய புரோகிராம் கேசட்டுகள் அதே பரணில்தான் இருக்க வேண்டும். ஒரு டேப் ரெக்கார்டரும் கிடைக்கிறதா பார்த்துச் சொல்.