அன்ஃபார்ச்சுனேட்லி...

போன மாதம் ஊரிலிருந்து அம்மா பார்சலில் அனுப்பிய ஊறுகாய் ஜாடி, சுக்குநூறாக வந்து சேர்ந்தது. புகார் எழுதிப் போட்டேன். இங்கிலீஷில் பதில் வந்தது: ‘அன்ஃபார்ச்சுனேட் மிஸ்ஹாப்.’

அதாவது, ஜாடியின் ஜாதகத்தில் சனி. மூட்டையைத் தூக்கி எறிந்த கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

கெட்ட நேரத்தைச் சொல்ல இங்கிலீஷில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது. டாஸில் தோற்றால் ‘பேட் லக்’. நன்றாக ஆடியும் மேட்ச் தோற்றால் ‘ஹார்ட் லக்’. சின்ன அசம்பாவிதம் ‘மிஸ்ஹாப்’. வாழ்க்கையே புரண்டால் ‘மிஸ்ஃபார்ச்சூன்’. ஒருத்தர் கால் வைத்தாலே விளங்காது என்றால் ‘ஜிங்க்ஸ்’. அந்தக் காலத்து இங்கிலீஷில் ‘ஹாப்’ என்றால் அதிர்ஷ்டம். ‘ஹேப்பி’யும் ‘மிஸ்ஹாப்’பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘டிஸாஸ்டர்’ என்பதன் வேர் ‘கெட்ட நட்சத்திரம்’. ஆக, வெள்ளைக்காரனும் நம்மை மாதிரி வானத்தைப் பார்த்து நொந்துகொண்டவன்தான்.

அதில் தப்பில்லை. டாஸுக்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? ஆனால், மனுஷன் செய்த தப்புக்கும் அதே வார்த்தையைப் போர்த்தும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2001-ல் ஒரு காரியம் செய்தது. ‘ஆக்ஸிடென்ட்’ என்ற வார்த்தையைத் தன் பக்கங்களிலிருந்து விலக்குவதாக அறிவித்தது. காரணம் சிம்பிள். பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை. அப்புறம் எதற்கு விதியின் மேல் பழி?

நம் கதைக்கு வருவோம். குஜராத்தின் மோர்பி நகரில் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் செத்தார்கள். 2022 அக்டோபர் 30. பழுது பார்த்துத் திறந்து நாலே நாள்! பராமரித்த கம்பெனியின் மேனேஜர் ஒருவர் கோர்ட்டில் சொன்னது: கடவுளின் விருப்பம். பின்னால் வந்த விசாரணைக் குழு அறிக்கை சொன்னது: பிரதான கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன. கடவுளா வந்து துருவைத் தடவிவிட்டுப் போனார்?

பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா பேப்பரில் ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று ஒரு பாடம் உண்டு. நிலநடுக்கம், இடி போல மனித முயற்சியால் தடுக்கவே முடியாதவை மட்டும்தான் அதில் சேர்த்தி. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986-ல் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. அபாயகரமான தொழில் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது என்று கதவைச் சாத்தியது. சட்டம் சாத்திய கதவை, இங்கிலீஷ் வார்த்தையை வைத்து நெம்பிப் பார்க்கிறார்கள்.

‘அதிர்ஷ்டம்’ என்ற வடசொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன தெரியுமா? கண்ணுக்குத் தெரியாதது. துரு கண்ணுக்குத் தெரியும். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி தெரியும். நடு ரோட்டில் தொங்கும் கரண்ட் கம்பி தெரியும். தெரிந்தும் விட்டதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை சார், அலட்சியம்.

அடுத்த தடவை ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று ஆரம்பிக்கும் கடிதம் வந்தால் மடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள். ‘யார் செய்தது?’ என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

நான் போட்டிருக்கிறேன். ஜாடிக்கு இன்னும் பதில் வரவில்லை.